நாலு சுவருக்குள் ஒரு நாவல்

2020 மே மாதத்தில், கோவிட் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடியிருக்க, பெரும்பாலும் அமெரிக்கர்களான மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஓர் இலக்கியத் தேர்வு எழுதினார்கள். வழக்கமாக மூன்று மணி நேரம் நடக்கிற தேர்வு. அந்த ஆண்டு 45 நிமிடம். எழுதியதை அனுப்ப இன்னும் 5 நிமிடம். வழக்கமாக 55 கொள்குறி வினாக்கள், மூன்று கட்டுரைகள். அந்த ஆண்டு ஒரே ஒரு கட்டுரை. முன்பின் பார்த்திராத உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்து அதை அலசி எழுதச் சொன்னார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், குறிப்புகளைப் புரட்டலாம் என்று சலுகையும் கொடுத்தார்கள். புரட்டி என்ன பயன்? ஆண்டு முழுக்கப் படித்த நாவல்களைப் பற்றி அதில் ஒரு கேள்விகூட இல்லை.

அமெரிக்காவில் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்றொரு திட்டத்தைக் காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1955-லிருந்து நடத்திவருகிறது. சுருக்கமாக ஏபி. பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் படிக்கலாம். மே மாதத் தேர்வில் 5-க்கு 3, 4 என்று வாங்கிவிட்டால், அந்தப் பாடத்தை முடித்துவிட்டதாகவே பல கல்லூரிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கட்டணமும் மிச்சம், காலமும் மிச்சம். நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கிற தமிழ் வீடுகளில் “எத்தனை ஏபி எடுத்திருக்கான்?” என்பது நலம் விசாரிப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கால்குலஸ், இயற்பியல், கணினி என்று நீளும் அந்தப் பட்டியலில் ஆங்கில இலக்கியம் பெரும்பாலும் வால் பக்கம்தான் நிற்கும். ஆனால், பதினேழு பதினெட்டு வயதில் கனமான நாவல்களை வரிவரியாக அலசும் வகுப்பு அந்த நாட்டின் பல பள்ளிகளில் அது ஒன்றுதான்.

தேர்வில் வரும் மூன்று கட்டுரைகளில் முதலாவது ஒரு கவிதையைப் பற்றியது. இரண்டாவது உரைநடைப் பகுதி ஒன்றைப் பற்றியது. அலச வேண்டிய பகுதி இரண்டுக்கும் வினாத்தாளிலேயே இருக்கும். ஆசிரியர்கள் ஆண்டு முழுக்க மாணவர்களைத் தயார்படுத்துவது மூன்றாவதற்காக. அதில் ஒரு கருத்தை மட்டும் கொடுப்பார்கள். ஒரு வீடு கதையில் என்னவாக நிற்கிறது, ஒருவருக்குக் கிடைத்த வரம் எப்படிச் சுமையாகிறது என்பது போல ஏதாவது ஒன்று. கீழே நாவல், நாடகங்களின் நீளமான பட்டியல் ஒன்று இருக்கும். ரால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மேன்’ அதில் அடிக்கடி தலைகாட்டும். ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’கும் வந்திருக்கிறது. பட்டியலில் இருப்பதையோ அதே தரத்தில் வேறொன்றையோ தேர்ந்துகொண்டு, புத்தகம் கையில் இல்லாமல், சுமார் 40 நிமிடத்தில், முழு நாவலையும் மனதிலிருந்து எடுத்து எழுத வேண்டும். படித்தவர் யார், கதைச்சுருக்கம் பார்த்தவர் யார் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

2020-இல் காணாமல் போனது இந்த மூன்றாவது கேள்விதான். அதற்கான காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. வீட்டில் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் நாவல் இருக்கும், இன்னொரு ஜன்னலில் ஸ்பார்க்நோட்ஸ் என்ற கதைச்சுருக்கத் தளம் இருக்கும், அக்கா எழுதிய பழைய கட்டுரையும் இருக்கும். எதையாவது எடுத்து ஒட்டிவிடலாம். புதிய பகுதியைக் கொடுத்தால் அந்த வழி அடைபடும். தேர்வு நடத்துகிறவர்களின் நாற்காலியிலிருந்து பார்த்தால் நியாயமான முடிவு. பாடத்திட்டத்தின் ஒன்பது அலகுகளில் கடைசி இரண்டும் தேர்வுக்கு வராது என்றும் சொன்னார்கள். அந்த இரண்டில் ஒன்று நாவலுக்கும் நாடகத்துக்கும் உரியது. பெரும்பாலான பள்ளிகள் மூடியது மார்ச் நடுவில். சுருக்கப்பட்ட தேர்வு பற்றிய அறிவிப்பு வந்தது மார்ச் 20-இல். பாரத்தைக் குறைக்க வேண்டிய அவசரத்தில் முதலில் இறக்கி வைக்கப்பட்டது முழு நாவல். இதைக் காலேஜ் போர்டின் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வரிசை கவனிக்கத் தக்கது.

மாணவர் பக்கமும் சாட்டை இல்லாமல் போனது. பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரி அனுமதிக் கடிதங்கள் வசந்த காலத்தில் வந்து சேரும். அதற்குப் பிறகு வரும் சோம்பலுக்கு ‘சீனியரைட்டிஸ்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு, பள்ளி மூடியபோது இருந்த மதிப்பெண் இனிக் குறையாது என்று பல பள்ளி மாவட்டங்கள் அறிவித்தன. தேர்வில் கேள்வி இல்லை, மதிப்பெண்ணுக்கு ஆபத்து இல்லை, ஆசிரியர் எதிரில் இல்லை. இத்தனைக்குப் பிறகும் ஏப்ரலில் நாவலைக் கையில் எடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் அக்கறை.

எந்தப் பக்கம்?

முதல் சிக்கல் இலக்கியச் சிக்கலே அல்ல. அமெரிக்கப் பள்ளிகளில் நாவல்களை மாணவர்கள் பெரும்பாலும் விலைக்கு வாங்குவதில்லை. பள்ளியே முப்பது பிரதி, அறுபது பிரதி என்று வாங்கி வைத்து, ஆண்டுக்கு ஆண்டு கைமாற்றிக் கொடுக்கும். ஒரே பதிப்பு, ஒரே பக்க எண். “அறுபத்திரண்டாம் பக்கம், மூன்றாவது பத்தி” என்றால் முப்பது தலைகளும் ஒரே இடத்தில் குனியும். பள்ளி மூடிய அன்று அந்தப் புத்தகங்களில் பல லாக்கரிலும் வகுப்பு அலமாரியிலும் தங்கிவிட்டன.

பழைய நாவல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்று தோன்றும். கிடைக்கின்றன. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எத்தனையோ தளங்களில் இருக்கிறது. ஆனால் அந்த நாவலுக்கு இரண்டு உடம்பு. 1818-இல் வந்த முதற்பதிப்பு ஒன்று; ஷெல்லியே திருத்தி 1831-இல் வெளியிட்டது இன்னொன்று. முதற்பதிப்பில் எலிசபெத் கதாநாயகன் விக்டரின் அத்தை மகள். திருத்திய பதிப்பில் அவள் இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட பெண். முதற்பதிப்பு மூன்று பாகமாகப் பிரிந்து, பாகத்துக்குப் பாகம் அத்தியாய எண் ஒன்றிலிருந்து தொடங்கும். மற்றதில் 24 அத்தியாயங்கள் நேராக ஓடும். ஆளுக்கொரு கோப்பை இறக்கிக்கொண்ட வகுப்பில் ஆசிரியர் “ஐந்தாம் அத்தியாயம்” என்றால் எந்த ஐந்து? எலிசபெத் யார் என்பதிலேயே இருவர் சண்டை போடலாம், இருவர் சொல்வதும் சரியாக இருக்கும். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ இன்னும் மோசம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் பழைய மொழிபெயர்ப்பு. பள்ளி அலமாரியில் இருப்பதோ பெரும்பாலும் அண்மைக் காலத்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேட்கிற வகுப்பில், ஆளுக்கொரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாமர்த்தியமான ஆசிரியருக்கு இது அதிர்ஷ்டமும்தான். இரண்டு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஷெல்லி ஏன் எலிசபெத்தின் பிறப்பை மாற்றினார் என்று கேட்டால் ஒரு வாரம் ஓடும். அந்த நாவலும் அடைபட்ட வீட்டில் பிறந்ததுதான். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய சாம்பல் மறு ஆண்டு ஐரோப்பாவின் கோடைக் காலத்தையே விழுங்கியது. ஜெனிவா ஏரிக்கரையில் மழைக்குப் பயந்து ஒரு மாளிகைக்குள் கிடந்த கூட்டம், பொழுது போகாமல் பேய்க்கதை எழுதிப் பார்க்கப் போட்டி போட்டது. பதினெட்டு வயது மேரிக்கு அங்கேதான் கதை கிடைத்தது. ஏபி மாணவர்களுக்கும் அதே வயது. நாவலின் வெளிச்சட்டகமோ வடதுருவக் கடலிலிருந்து வால்டன் தன் அக்கா மார்கரெட்டுக்கு எழுதும் கடிதங்கள். மார்கரெட் ஒரு வரிகூடப் பதில் போடுவதில்லை. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வகுப்பிடம் ஒரு மணி நேரம் தனியாகப் பேசிய எந்த ஆசிரியருக்கும் வால்டன் மேல் பரிவு வந்திருக்கும்.

மேசை போய்த் திரை

இலக்கிய வகுப்பைக் கலந்துரையாடலாக நடத்துவதில் அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஒரு பெருமிதம் உண்டு. நியூ ஹாம்ப்ஷையரில் இருக்கும் ஃபிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாடமிக்கு எட்வர்ட் ஹார்க்னெஸ் என்ற செல்வந்தர் 1930-இல் 58 லட்சம் டாலர் கொடுத்தார். வரிசையாகப் போட்ட நாற்காலிகளைத் தூக்கிவிட்டு, ஒரு மேசையைச் சுற்றி ஏறக்குறைய ஒரு டஜன் பேரும் ஆசிரியரும் உட்கார்ந்து பேசிப் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படித்தான் முட்டை வடிவ ஹார்க்னெஸ் மேசை வந்தது. அது முட்டை வடிவமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மூலை இல்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை. எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். சாதாரண அரசுப் பள்ளியில் அந்த வசதி கிடையாது. நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு ‘சாக்ரட்டிக் செமினார்’ என்ற பெயரில் அதையே செய்வார்கள்.

ஜூமில் எல்லார் முகமும் தெரியத்தான் செய்தது. ஆனால் யார் யாரைப் பார்க்கிறார் என்பது தெரியவில்லை. ஒருவர் பேச வாயெடுத்தால் இன்னொருவர் அடங்குவது, பக்கத்தில் இருப்பவர் தலையசைப்பது, சிரிப்பை அடக்குவது ஆகியவைதான் ஓர் உரையாடலை ஓட்டிச் செல்கின்றன. திரையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கி, இருவரும் மன்னிப்புக் கேட்டு, இருவரும் மௌனமாவார்கள். ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பின் வரும் மௌனம் வகுப்பறையில் யோசனையாக இருக்கலாம். மியூட் போட்ட பெட்டிகளில் அது என்ன மௌனம் என்று எப்படி அறிவது? அத்தோடு வீட்டு நிலவரம் வேறு. ஒரே மேசையில் தம்பிக்கும் வகுப்பு, அம்மாவுக்கும் அலுவலகம். இணைய வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பள்ளிப் பேருந்துகளில் வைஃபை கருவி பொருத்தித் தெருத்தெருவாக நிறுத்தினார்கள். நாவலின் நுட்பத்தைப் பேச இதுவா நேரம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

இதற்கு நடுவே ஒன்று நடந்தது. கூகுள் டாக்ஸிலும், புத்தகப் பக்கத்தின் ஓரத்திலேயே எல்லாரும் சேர்ந்து குறிப்பெழுத உதவும் பெருசால் போன்ற செயலிகளிலும் ஆசிரியர்கள் நாவலின் பகுதிகளைப் போட்டார்கள். மாணவர்கள் ஓரத்தில் எழுதத் தொடங்கினார்கள். வகுப்பறையில் எப்போதும் கை தூக்கும் நாலைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்கள் அவர்கள் பேசி முடியட்டும் என்று இருப்பார்கள். ஓரக் குறிப்பில் அந்த வரிசை உடைந்தது. சத்தம் போட்டுப் பேசக் கூச்சப்படுகிறவர் இரவு பதினோரு மணிக்கு ஒரு வாக்கியத்தின் பக்கத்தில் நாலு வரி எழுதுகிறார். காலையில் அதன் கீழே மூன்று பேர் வாதாடியிருக்கிறார்கள். ஹார்க்னெஸ் மேசையில் மூலை இல்லை என்பது பேச வருகிறவர்களுக்கு வசதி. பேச வராதவர்களுக்கு மூலை வேண்டும். ஓரக் குறிப்பு என்ற இந்த ஒன்றை மட்டும் பள்ளி திறந்த பிறகும் பல ஆசிரியர்கள் கைவிடவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை.

தூரத்தில் இருந்துகொண்டே சேர்ந்து படிப்பது தமிழ் வார இதழ் வாசகர்களுக்குப் புதிதாக இருக்க முடியாது. 1950-லிருந்து 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் வாரா வாரம் வந்தபோது, ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தில் நின்றார்கள். நந்தினி யார் என்று திண்ணையிலும் ரயிலிலும் சண்டை போட்டார்கள். தூரம் அவர்களைப் பிரிக்கவில்லை, ஏனென்றால் அடுத்த அத்தியாயம் யாருக்கும் கிடையாது. 2020-இல் முழு நாவலையும் கோப்பாகக் கையில் கொடுத்து, “உன் வசதிப்படி படி” என்று விட்டபோதுதான் வகுப்பு சிதறியது. ஒருவர் முடித்துவிட்டார், ஒருவர் தொடங்கவில்லை, நடுவில் நிற்கிறவருக்குப் பேச ஆளில்லை. நாவலை வாசிப்பது எப்போதும் தனியாகத்தான். வகுப்பின் வேலை வேறு: எல்லாரையும் ஒரு வேகத்தில் நடத்துவது, படித்ததற்குப் பதில் சொல்ல எதிரில் ஓர் ஆளை வைப்பது. திரை பறித்தது முகத்தை என்று எல்லாரும் புலம்பினார்கள். வேகம் போனதுதான் பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

டென்வர்

டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ 1987-இல் வந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. ஏபி வகுப்புகளில் அதிகம் படிக்கப்படும் நாவல்களில் அது ஒன்று. மாரிசன் 2019 ஆகஸ்டில் காலமானார். ஏழு மாதத்தில் அவருடைய வாசகர்கள் வீட்டுக்குள் அடைபட்டார்கள்.

கதைக்குப் பின்னால் ஓர் உண்மை நிகழ்ச்சி இருக்கிறது. 1856-இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பினார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, மறுபடி அடிமையாகப் போவதைவிட மேல் என்று தன் மகளைக் கொன்றார். நாவலில் அந்தத் தாயின் பெயர் செத்தே. கதை தொடங்குவது 1873-இல், சின்சினாட்டியின் ஓரத்தில் 124 என்ற எண் கொண்ட வீட்டில். ஒன்று, இரண்டு, நான்கு என்று வரும் எண்ணில் மூன்றைக் காணோம். செத்தேவின் பிள்ளைகளில் இறந்தது மூன்றாவது. பெரும்பாலான வகுப்புகளில் முதல் நாள் இங்கேதான் தொடங்கும்.

வழக்கமாக மாணவர்கள் கட்டுரை எழுதுவது செத்தேவைப் பற்றி. செய்தது சரியா, தப்பா, அந்தக் கேள்விக்கே இடமுண்டா என்று. அவளுடைய இளைய மகள் டென்வர் ஓரத்தில் நிற்பவள், கொஞ்சம் முணுமுணுப்புக்காரி, வாசகர் பொறுமையைச் சோதிப்பவள். பதினெட்டு வயது. அந்த வீட்டு முற்றத்தைத் தாண்டிப் பல ஆண்டுகள் தனியாகப் போகாதவள். சின்ன வயதில் லேடி ஜோன்ஸ் என்ற ஆசிரியை தன் வீட்டிலேயே நடத்திய பள்ளிக்கு ஓர் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் போனாள். எழுத்தும் எண்ணும் அவளுக்குப் பிடித்திருந்தன. கூடப் படித்த பையன் ஒருவன் அவள் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். அத்தோடு பள்ளி நின்றது. பதில் காதில் விழுமுன் அவளுக்குக் காதே கேட்காமல் போனது, இரண்டு ஆண்டுக்கு.

இதை 2020 ஏப்ரலில், பதினெட்டு வயதில், பள்ளி நின்றுபோன வீட்டில் உட்கார்ந்து படித்தால் எப்படி இருந்திருக்கும்? டென்வர் முணுமுணுப்புக்காரியாகத் தெரிவாளா? வீட்டுக்குள் உணவு தீர்ந்து, அம்மா தேய்ந்துகொண்டே போகும்போது, முற்றத்தின் விளிம்பில் நின்று தயங்கி, ஒருநாள் தெருவில் இறங்குகிறாள். போவது அந்தப் பழைய ஆசிரியையின் வீட்டுக்கு. வேலை கேட்கிறாள். பிறகு யார் யாரோ முற்றத்தில் உணவு வைத்துவிட்டுப் போகத் தொடங்குகிறார்கள். பாத்திரத்தோடு ஒரு சீட்டில் பெயர் எழுதியிருக்கும். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் டென்வர் ஊரோடு பேசப் பழகுகிறாள். வாசலில் பையை வைத்துவிட்டு அழைப்புமணியை அடித்துவிட்டு விலகிப் போன மாதங்களில் இந்தப் பக்கங்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. நாவலின் மையம் தாயிடமிருந்து மகளுக்கு நகர்வதைப் பல திறனாய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். அந்த வசந்தத்தில் அதை உணரத் திறனாய்வு வேண்டியிருந்திராது.

கருவி சார்ந்த சங்கடம் ஒன்றும் இந்த நாவலில் உண்டு. நடுவில், இறந்த மகளின் மறுவரவாகத் தோன்றும் பிலவ்ட் என்ற பெண் தன் குரலிலேயே பேசும் அத்தியாயத்தில் நிறுத்தற்குறிகள் இல்லை; சொற்களுக்கு நடுவே வெற்றிடம் விட்டு அச்சிட்டிருப்பார்கள். அடிமைக் கப்பலின் இருட்டும் மூச்சுத்திணறலும் அந்த இடைவெளிகளில் இருக்கின்றன. கைபேசித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் கண்டபடி மடங்குகின்றன. வடிவமைப்புக் கோளாறு என்று நினைத்துக் கடந்துபோக வாய்ப்பிருக்கிறது. மாற்றாக இன்னொரு வழி இருந்தது: ‘பிலவ்ட்’ ஒலிநூலை வாசித்திருப்பவர் மாரிசனேதான். ஜோரா நீல் ஹர்ஸ்டனின் 1937-ஆம் ஆண்டு நாவலான ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’டில் உரையாடல்கள் ஃபுளோரிடாக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் நடக்கின்றன. கண்ணால் படிக்கிற மாணவர் தடுக்கி விழுவார். நடிகை ரூபி டீ வாசித்த ஒலிநூலைக் கேட்டால் தடை விலகிவிடும். இது வகுப்பறையில் கிடைக்காத வசதி. அங்கே முப்பது பேர் முறைவைத்து உரக்க வாசித்துக் கொலை செய்வார்கள்.

பூட்டிய அலமாரி, திறந்த இணையம்

புத்தகம் எட்டாத சிக்கலுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 மார்ச் 24-இல் ஒரு துணிச்சலான தீர்வைச் சொன்னது. தான் ஸ்கேன் செய்து வைத்திருந்த சுமார் 14 லட்சம் நூல்களை, ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் என்ற காத்திருப்பு இல்லாமல், யார் வேண்டுமானாலும் இரவல் எடுக்கலாம் என்று அறிவித்தது. பெயர் ‘நேஷனல் எமர்ஜென்சி லைப்ரரி’. எழுத்தாளர்கள் கொதித்தார்கள். ஜூன் 1-இல் ஹாஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், பெங்குயின் ரேண்டம் ஹவுஸ், வைலி ஆகிய நான்கு பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. ஜூன் 16-இல் அந்த நூலகம் மூடியது. 2023-இல் தீர்ப்பு பதிப்பகங்களுக்குச் சாதகமாக வந்தது, 2024-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. சட்டம் அவர்கள் பக்கம்தான். இருந்தாலும், லாக்கருக்குள் பூட்டிக் கிடந்த பிரதிக்குப் பள்ளி ஏற்கெனவே விலை கொடுத்திருந்தது என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக்குள் வகுப்பு வந்ததில் இன்னொரு விளைவும் உண்டு. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது பெற்றோர் காதில் விழுந்தது. வர்ஜீனியாவில் ஏபி ஆங்கில வகுப்பில் ‘பிலவ்ட்’ வைக்கப்பட்டதை எதிர்த்த தாயின் புகார் கொள்ளைநோய்க்குப் பல ஆண்டு முந்தையது. பாலியல் விவரிப்புள்ள நூல்களைப் பற்றிப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற மசோதாவை அப்போதைய ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் 2016-இலும் 2017-இலும் நிராகரித்தார். 2021-இல் அவர் மறுபடி ஆளுநர் தேர்தலில் நின்றபோது, எதிர்த்து நின்ற கிளென் யங்கின் அந்தத் தாயை வைத்தே விளம்பரம் வெளியிட்டார். ஓராண்டுக்கு மேல் பள்ளியோடு வீட்டிலிருந்தபடி மல்லுக்கட்டிய பெற்றோர் அப்போது வாக்காளர்கள். யங்கின் வென்றார். ஒரு நாவலால் மட்டும் வென்றார் என்று சொல்வது மிகை.

அதன் பிறகு நூல் நீக்கங்கள் மாநிலம் மாநிலமாகப் பரவின. 2022-இல் புரூக்ளின் பொது நூலகம், 13 முதல் 21 வயது வரையிலான யாருக்கும், நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும், மின்னூல் எடுக்க அட்டை தருவதாக அறிவித்தது. பள்ளி அலமாரியிலிருந்து எடுக்கப்பட்ட நூலைப் பல நூறு மைலுக்கு அப்பாலிருந்து ஒரு மாணவர் படிக்கலாம். படிக்கலாம்; அதைப் பற்றி யாரோடு பேசுவார் என்பது வேறு.

ஃபோனில் ஒரு கேள்வி

மதிப்பெண்களை வைத்து எதையாவது நிறுவலாம் என்று பார்த்தால் ஏமாற்றம்தான். இலக்கியத் தேர்வில் 2019-இல் 3-ஓ அதற்கு மேலோ வாங்கியவர்கள் ஏறத்தாழப் பாதி. வீட்டிலிருந்து எழுதிய 2020-இல் 60 விழுக்காட்டை ஒட்டி. முழுத் தேர்வு திரும்பிய 2021-இல் பாதிக்கும் கீழே. 2022-இல் நான்கில் மூன்று பங்குக்கும் மேல்! பிள்ளைகள் ஒரே ஆண்டில் இலக்கிய மேதைகள் ஆகிவிடவில்லை. எந்த எண்ணுக்கு எந்தத் தரம் என்று கணிக்கும் முறையைக் காலேஜ் போர்டு மாற்றியது, அவ்வளவுதான்.

தொலைவிலிருந்து இலக்கியம் கற்பிப்பது கொள்ளைநோயோடு தொடங்கியதும் அல்ல, முடிந்ததும் அல்ல. ஃபுளோரிடா விர்ச்சுவல் ஸ்கூல் 1997-லிருந்து நடக்கிறது. ஏபி ஆசிரியர் இல்லாத சின்ன ஊர்ப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிப் பள்ளிகள்தான் வழி. அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. பாடத்தின் நடுநடுவே மாணவரும் ஆசிரியரும் தொலைபேசியில் பேச வேண்டும். ‘கலந்துரையாடல் மதிப்பீடு’ என்பது அதன் பெயர். வீடியோகூட அவசியமில்லை. ஆசிரியர் கேட்பார்: டென்வர் ஏன் வேறு யார் வீட்டுக்கும் போகாமல் லேடி ஜோன்ஸ் வீட்டுக்குப் போனாள்? மாணவர் ஏதாவது சொல்வார். ஆசிரியர் விடமாட்டார்: அப்படியானால் காது கேட்காமல் போனது எதற்கு? கதைச்சுருக்கம் மட்டும் படித்தவர் இரண்டாவது கேள்வியில் தடுமாறுவார். நாவலைப் படித்தவரும் சில நேரம் தடுமாறுவார். ஆனால் அது வேறு வகைத் தடுமாற்றம், ஆசிரியருக்குப் பிடித்த வகை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டில் எழுதி அனுப்பும் நாவல் கட்டுரையை நம்பி மதிப்பெண் போட எந்த ஆசிரியருக்கும் துணிவில்லை. ஸ்பார்க்நோட்ஸைப் பார்த்து எழுதியதை மொழிநடையிலேயே கண்டுபிடித்த காலம் போய்விட்டது. பள்ளிக்கு வருகிற மாணவர்களிடம் வகுப்பிலேயே பேனாவால் எழுதி வாங்கலாம். தொலைவில் இருப்பவர்களுக்கு? அந்தப் பழைய தொலைபேசிப் பேச்சுதான் கையில் மிஞ்சியிருக்கும் நம்பகமான தேர்வு. அது மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல. அடுத்த வியாழக்கிழமை ஒருவர் கூப்பிட்டு என்னிடம் மட்டும் கேட்பார் என்று தெரிந்தால், அதற்குள் பன்னிரண்டு அத்தியாயத்தை முடித்தாக வேண்டும். போன வேகம் அப்படித்தான் திரும்பி வரும்.

இடிக்கிற இடம் கணக்கு. ஓர் ஆங்கில ஆசிரியரிடம் 120 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அது அசாதாரண எண் இல்லை. தலைக்கு 20 நிமிடம் என்றால் 40 மணி நேரம். ஒரு நாவலைப் பற்றி ஒருமுறை பேசி முடிக்கவே ஒரு முழு வார வேலை. ஆண்டுக்கு ஐந்து நாவல் என்றால் ஐந்து வாரம். அந்த வாரங்களில் பாடம் நடத்த முடியாது, கட்டுரை திருத்த முடியாது. மாணவர் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் எல்லாம் நடக்கும், ஆசிரியர் எண்ணிக்கை இரட்டிப்பாகும். மென்பொருள் வாங்கப் பள்ளி மாவட்டங்கள் பணம் ஒதுக்குகின்றன. 2025 மே முதல் ஏபி இலக்கியத் தேர்வே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து புளூபுக் என்ற செயலியில் தட்டச்சு செய்வதாகிவிட்டது. மூன்றாவது கேள்வி திரும்ப வந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. புத்தகம் கையில் இல்லாமல், மனதிலிருந்து எடுத்து எழுத வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதற்கு ஆளைத் தயார் செய்யும் அந்த 40 மணி நேரத்துக்கு யாரும் இன்னும் பட்ஜெட்டில் ஒரு வரி போடவில்லை.